சிவப்பு மெழுகை எடுத்த ஞாயிற்றுக்கிழமை

என் வீட்டுக்காரருக்குத் தரை என்றால் அது சிவப்பாகத்தான் இருக்க வேண்டும். ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். அங்கே தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளின் சிமெண்டுத் தரைக்குச் சிவப்பு மெழுகு பூசி, பாதித் தேங்காய் மட்டையைக் காலுக்கடியில் வைத்து முன்னும் பின்னும் தேய்த்து மினுக்குவார்கள். தீபாவளி நெருங்கினால் லயம் முழுக்க அந்தச் சரக் சரக் சத்தம்தான். யார் வீட்டுத் தரையில் முகம் தெரிகிறது என்று ஒருவர் வீட்டை ஒருவர் எட்டிப் பார்ப்பார்கள். அதில் இவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது இவரே சொல்லிக்கொள்வது.

எழுபதுகளின் கடைசியில் ஈப்போவுக்கு வந்தோம். புந்தோங்கில் ஒரு வரிசை வீடு வாங்கினோம். தரை தெராசோ. சாம்பலும் வெள்ளையுமாகப் பொடிக் கற்கள் பதித்துப் பளிச்சென்று இருந்தது. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்னா இது, ஆஸ்பத்திரி மாரி இருக்கு" என்றார். அந்த வாரமே சிவப்பு மெழுகு டின்னோடு வந்து சேர்ந்தார். தெராசோவின் மேல் சிவப்பு மெழுகு பூசுகிற அநியாயத்தைத் தோட்டத்து ஆளைத் தவிர வேறு யார் செய்வார்கள்? பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார். நான் சண்டை பிடித்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு பூச்சு ஏறியது. வானொலியில் பாட்டை வைத்துவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மட்டையில் கால் வைத்து அவர் போடும் ஆட்டத்தைப் பார்த்தால் கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

மரப்பட்டறை லோரியில் அவருக்கு வேலை. ஒருநாள் பலகை ஏற்றும்போது மேலிருந்து விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்து, கைத்தடியோடு வீடு திரும்பினார். அனுப்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: தினமும் வீட்டுக்குள்ளேயாவது நடக்க வேண்டும். உட்கார்ந்தே இருந்தால் கால் இறுகிவிடும், அப்புறம் நடை வரவே வராது.

வந்த அன்றே தடியை ஊன்றினார். அது அவர் மினுக்கிய தரையில் சர்ரென்று வழுக்கிக்கொண்டு போனது. நான் பாய்ந்து பிடித்ததால் தப்பித்தார். அதோடு சரி, முன்னறை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கேட்டால், "நாளைக்குப் பாக்கலாம்லா" என்பார். சொந்தத் தரைக்குப் பயப்படுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்கிற ஆளா அவர்? நான் சாக்கு விரித்துப் பார்த்தேன், சாக்கும் சேர்ந்து வழுக்கியது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன், மெழுகு அசையவில்லை. அவர் உடம்பைத் துடைத்துவிடும்போது அடிபட்ட பக்கத்துக் கால் மெலிந்துகொண்டே வருவது தெரிந்தது. நாற்காலியில் கைக்கெட்டும் இடத்தில் சோற்றையும் தண்ணீரையும் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போய் வந்தேன்.

நான் ஆயா வேலை பார்த்த கிளினிக்கில் தரையைக் கழுவி மினுக்க, கோப்பெங்கிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வேனில் வருவார்கள். நம் ஆட்கள்தான். மருந்துத் தண்ணீர் ஊற்றுவது அவர், கனத்த சுழல் மிஷினைப் பிடிப்பது அவள். அவளிடம் கேட்டேன்.

"எல்லாரும் போலிஷ் போடத்தான் எங்கள கூப்புடுவாங்க. நீங்க எடுக்கச் சொல்றீங்களே அக்கா!" என்று சிரித்தாள். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "ஞாயித்துக்கெழம வாரோம்" என்றாள்.

வீட்டில் உண்மையைச் சொன்னால் விடமாட்டார். அதனால், தீபாவளிக்குத் தரையைப் பார்க்க ஆள் வருகிறது என்று மட்டும் சொல்லிவைத்தேன். இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "செவப்பு நல்லா எடுப்பா இருக்கணும்னு சொல்லு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்ததும் வாசலிலேயே அவள் காதைக் கடித்தேன். அவரிடம் ஒன்றும் சொல்லாமல் மெழுகை எடுத்துவிடு என்றேன்.

"பூசுனவர கேக்காம எடுக்க மாட்டேங்க்கா" என்றவள், நேரே உள்ளே போய் அவர் நாற்காலிக்கு முன்னால் குந்தினாள். தரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"யாருண்ணே பூசுனது?"

"நாந்தான்."

"மட்டையில தேச்சதா?"

"பின்னே?"

"எங்க மிஷினுக்குக்கூட இந்த மினுமினுப்பு வராதுண்ணே."

இவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நான் பல்லைக் கடித்தேன். இவளைப் போய்க் கூப்பிட்டேனே என்று என்னையே நொந்துகொண்டேன்.

"ஆனா ரொம்ப லிச்சின். கம்பு வழுக்குதுல்ல?" என்று அதே குரலில் தொடர்ந்தாள். "இப்ப எடுத்துருவோம். கம்பு இல்லாம நடக்கிறப்ப நீங்களே மறுபடி பூசிக்குங்க. உங்களுக்குத் தெரியாத வேலையா?"

இவர் கைத்தடியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "முழுசாவா?"

"முழுசாத்தாண்ணே."

"சரி, எடு."

கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் அவர் இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதில்லை.

நாற்காலியோடு அவரை முன்வாசல் அஞ்சடி நடைபாதைக்குத் தூக்கி வந்து உட்காரவைத்தோம். அவள் புருஷன் மருந்தை ஊற்றி ஊறவிட, அவள் மிஷினை ஓட்டினாள். வருஷக்கணக்கான மெழுகு கரைந்து, சிவப்புக் குழம்பாக வாசல் வழியே சாக்கடைக்கு ஓடியது. பக்கத்து வீட்டு அக்கா பதறிப்போய் வந்து, "என்னா, ஆடு வெட்டுறீங்களா?" என்றார். இவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அன்றுதான் அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

திரும்பத் திரும்பக் கழுவித் தண்ணீரை வழித்துத் தள்ளியபோது சாம்பலும் வெள்ளையுமாக என் பழைய தரை வெளியே வந்தது. பளபளப்புக்கு எதையும் பூசாமல் அப்படியே விட்டார்கள். இனிமேல் ஈரத்துணியால் துடைத்தால் போதும், வேறு எதையும் போட வேண்டாம் என்றார் அவள் புருஷன். அவள் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்து, வெறுங்காலோடு தானே அதன்மேல் நடந்து பார்த்தாள். வேலை முடிந்த எந்த வீட்டிலும் அப்படி நடந்து பார்க்காமல் கிளம்பமாட்டாளாம். பிறகு தண்ணீரைத் துடைத்துவிட்டு, "வாங்கண்ணே" என்றாள்.

இவர் தடியை ஊன்றினார். அது நின்றது. அவள் அவரைத் தொடாமல், இரண்டு கைகளையும் நீட்டியபடி பின்பக்கமாகவே நடந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே இவர் முன்னறையைக் கடந்துவிட்டார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அந்தத் தீபாவளிக்கு வந்தவர்களிடமெல்லாம், "இது நம்ம தரையே இல்ல" என்று குறைப்பட்டுக்கொண்டார். ஆனால் அந்தத் தரையில் காலையும் மாலையும் நடந்தார். பிறகு வாசல்வரை, அப்புறம் கடைவரை போனார்.

பொங்கல் நெருங்கும்போது ஒருநாள் சமைத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏ புள்ள, அந்தச் செவப்பு டின்ன எங்க வெச்ச?"

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கரண்டியோடு திரும்பினேன். இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கைத்தடி முன்னறையில் நாற்காலியோரம் சாய்ந்திருந்தது.

கரண்டியைக் கீழே வைத்தேன். அந்தக் கோப்பெங்காரியை நினைத்துக்கொண்டேன். நல்லா இரும்மா என்று மனசார வாழ்த்தினேன், இன்றைக்கும் வாழ்த்துகிறேன். என் சொல்லுக்கு எழுந்திருக்காத மனுஷன், அவள் கொடுத்த வாக்கை நம்பி நடந்து வந்திருக்கிறார்.

அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த மெழுகை எடுத்துக் கொடுத்தேன். யாரும் நடக்காத இடத்தில் பூசுங்கள் என்றேன். முற்றத்துச் சாமி மேடைக்குப் பூசினார். ஸ்டூலில் உட்கார்ந்து, மட்டையைக் கையில் பிடித்துத் தேய்த்தார். இத்தனை வருஷம் எனக்கு எரிச்சலூட்டிய அந்தச் சரக் சரக் சத்தத்தை, அடுப்பை அணைத்துவிட்டு, அது நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.