புக் போஸ்டில் வந்த நாவல்களும் என் பென்சிலும்

1. இரண்டு பக்கமும் திறந்த பொதி

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் போஸ்ட் மாஸ்ரர் என்னைக் கூப்பிட்டு, தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"ஒட்டின தபாலைத் திறந்தால் வேலை போகும். விளங்குதோ?"

"ஓம் சேர்."

"புக் போஸ்ட் வேறை, புத்தகத்துக்கெண்டு குறைஞ்ச கட்டணம். அது ரெண்டு பக்கமும் திறந்துதான் வரவேணும். காசு மிச்சம் பிடிக்கிறதுக்காகச் சனம் புத்தகத்துக்குள்ளை கடிதம் ஒளிச்சு அனுப்பும். அதை நாங்கள் எடுத்துப் பாக்கலாம். வடிவாய்ப் பாரும்."

நான் வடிவாய்ப் பார்த்தேன். பக்கம் பக்கமாகப் பார்த்தேன். என் மீது பிறகு வந்த பழி எல்லாம் மேலதிகாரி சொன்னதைக் கேட்டு நடந்ததால் வந்ததுதான்.

பருத்தித்துறைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தபாற்கந்தோர் அது. பெயர் வேண்டாம், கந்தோர் ஒரு பிழையும் செய்யவில்லை. எழுபதுகளின் தொடக்கம். இந்தியப் புத்தகங்களின் வரத்துக் குறைந்து, எங்கள் ஆட்களே மளமளவென்று நாவல் எழுதிய காலம். எங்கள் பகுதியில் இளைப்பாறிய பள்ளிக்கூட உப அதிபர் ஒருவர் இருந்தார். கொழும்பு மாத சஞ்சிகை ஒன்றில் புது நாவல்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவார். விமர்சகர் என்றால் ஊரில் அவர்தான். அதனால் வெளியாகும் நாவல் எல்லாம் புக் போஸ்டில் அவருக்கு வரும். அவருக்கு முன்னால் எனக்கு வரும்.

காலை பஸ்ஸில் மெயில் பை வந்து, சோர்ட்டிங் முடியப் பதினொரு மணி. அதற்குப் பிறகு கவுண்டரில் மொய்க்கும் இலையானைத் தவிர ஒருவரும் இல்லை. கடிதம் ஒரு நாள் பிந்தினால் சனம் சண்டைக்கு வரும். நாவல் ஒரு நாள் பிந்தினால் ஒருவரும் சாகமாட்டார்கள்.

அப்படி வாசித்த நாவல்களைப் பற்றி என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். கொழும்பில் ஒரு வீட்டில் வாடகைக்கு, போடிங்கில் தங்கும் யாழ்ப்பாணக் கிளாக்கர், வீட்டுக்காரியின் மகளைக் காதலிக்கும் கதை மட்டும் ஏழு வந்தது. ஏழிலும் அவள் மாடிப்படியில்தான் சிரித்தாள். ஒரு நாவலில் பத்து இரவு தொடர்ந்து பூரண நிலவு. இன்னொன்றில் கள்ளுச் சீவுகிறவர் பனையின் பாதியில் நின்று நாலு பக்கம் சொற்பொழிவு செய்தார், கையில் இருந்த கள்ளு முட்டியை என்ன செய்தார் என்று ஆசிரியர் சொல்லவில்லை. வெங்காயச் செய்கையைப் பற்றிய நாவல் ஒன்றில் தண்ணீர் இறைத்த கணக்கைப் பார்த்தால், கதாநாயகன் அழுவதற்கு முன்னால் வெங்காயம் அழுகியிருக்கும்.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? போஸ்ட் மாஸ்ரர் பஞ்சாங்கம் மட்டும் வாசிப்பவர். ஆகவே பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதுவேன், வாசித்து முடிய றப்பரால் அழித்துவிடுவேன். "இந்த ஊருக்கு அமாவாசை இல்லையோ?" என்று எழுதிய அன்று அழிக்க மறந்துவிட்டேன்.

2. அச்சில் வந்த என் வசனம்

அடுத்த மாதம் சஞ்சிகை வந்தது. அதுவும் இரண்டு பக்கமும் திறந்துதான் வரும். விமர்சகரின் பக்கத்தில், நடுவில், கொட்டை எழுத்தில்: "இந்த ஊருக்கு அமாவாசை இல்லையோ?"

முதலில் அகப்பட்டுவிட்டேன் என்றே நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, அகப்பட்டது நானல்ல, என் வசனம். கோபம் வந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் சந்தோஷம்தான் வந்தது. பிறந்ததில் இருந்து என் எழுத்து அச்சில் வந்தது அன்றுதான். வேறு ஒருவர் பெயரில் வந்தால் என்ன?

அதற்குப் பிறகு றப்பரைத் தொடவில்லை. ஓரக் குறிப்பு ஒரு வரியாக இருந்தது பந்தியானது. அச்சில் எப்படி இருக்கும் என்று யோசித்து யோசித்து எழுதத் தொடங்கினேன். விமர்சகர் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. முத்திரை வாங்க வருவார், என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக் கதைப்பார். ஒரே ஒரு நாள்தான் வாய் திறந்தார்.

"ஐசே, சில ஆக்கள் எழுதுறது வரவர மங்கலாய்க் கிடக்கு. என்ரை வயசிலை கண் தெரியவேணும்தானே?"

அன்று பின்னேரமே கடைக்குப் போய்க் கறுப்பு அதிகமான பென்சிலாகப் பார்த்து வாங்கினேன்.

ஒரு நாள் மெல்லிய நாவல் ஒன்று வந்தது. எழுதியவர் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்தவர், ஊரில் மிசி என்போம். நாற்பத்தைந்து வயதிருக்கும், கடல் தொழில் செய்யும் குடும்பம். கதையில் தகப்பன் கடலுக்குப் போகிறான், திரும்பவில்லை. நான் எண்பத்தெட்டாம் பக்கத்தில் நிற்க, விமர்சகர் நேரே கவுண்டருக்கு வந்துவிட்டார்.

"ஏதும் புத்தகம் வந்ததே? பக்கம் இண்டைக்கே அனுப்பவேணும்."

அவசரத்தில் ஓரத்தில் கிறுக்கினேன்: "அப்பனைக் கடலுக்கு அனுப்பிவிட்டு ஆசிரியை அவனை மறந்துபோனார். வள்ளம் மட்டுமல்ல, கதையும் கரைக்கு வரவில்லை." பொதியைக் கட்டிக் கொடுத்தேன். மிச்சப் பக்கங்களை நான் பார்க்கவில்லை. அவர் ஒரு பக்கமும் பார்க்கவில்லை. இரண்டாவது வசனத்தை நினைத்து அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டு திரிந்தேன்.

3. தராசில் இருந்து இறங்கிய பார்சல்

அந்த மாதச் சஞ்சிகை வந்த அன்றே மிசியும் வந்தார். கையில் தடித்த காகிதப் பார்சல்.

"தம்பி, இதை றெஜிஸ்டர் பண்ணவேணும். யாழ்ப்பாணத்திலை அச்சுக்கூடத்துக்கு. ரெண்டாவது நாவல்."

பார்சலைத் தராசில் வைத்தேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"மிசி, முதல் புத்தகத்தைப் பற்றி எழுதிக் கிடக்கு. பாத்தியளே?"

எடுத்துக் கொடுத்ததும் நான்தான். அவர் நின்றபடியே வாசித்தார். நான் அந்த இரண்டாவது வசனத்துக்கு அவர் சிரிப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு மடையன் நான்.

"இதை எழுதினவர் புத்தகத்தை வாசிச்சவரோ?"

"ஏன் மிசி?"

"தேப்பன் நூற்றியிருபத்தோராம் பக்கத்திலை திரும்பி வாறான். அவன் வாறதுதான் கதை." சஞ்சிகையை மடித்துக் கவுண்டரில் வைத்தார். "டியூட்டி முடிஞ்சு வந்து, சமைச்சு வைச்சிட்டு, நாலு வருசம் எழுதினது. பார்சலை இஞ்சை தாரும்."

"முத்திரை ஒட்டேல்லையே?"

"வேண்டாம். ஆஸ்பத்திரியிலை சுடுதண்ணி அடுப்புக்குக் காயிதம் தேவை."

அழவில்லை, சத்தம் போடவில்லை. பார்சலைத் தராசில் இருந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார், பிள்ளையைத் தூக்குவதுபோல. வாயை மூடிக்கொண்டு இருந்தால் வேலை மிஞ்சும், அந்தப் பார்சல் அடுப்புக்குப் போகும். வீட்டில் மனுசியும் இரண்டு பிள்ளைகளும். அவர் வாசற்படி இறங்கும்வரை யோசித்தேன். பிறகு கவுண்டர் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"மிசி, நில்லுங்கோ. அதை எழுதினது நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். புக் போஸ்ட், பென்சில், எண்பத்தெட்டாம் பக்கம். அவர் ஊசி போடுவதற்கு முன் பார்ப்பதுபோல என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"முறைப்பாட்டுப் புத்தகம் எடும்."

கேட்டால் கொடுக்க வேண்டும், அது விதி. எடுத்துக் கொடுத்தேன். பேனையை அழுத்தி அழுத்தி எழுதினார். எழுதி முடிய, கைப்பையில் இருந்து தன் நாவல் பிரதி ஒன்றையும் எடுத்து அதற்கு மேல் வைத்தார்.

"முடிச்சுப்போட்டுச் சொல்லும். அது வரைக்கும் பார்சல் என்ரை அலுமாரியிலை கிடக்கும்."

அவர் போனபின் முறைப்பாட்டைப் பார்த்தேன். "இந்த உத்தியோகத்தர் எனது நாவலைப் பாதியில் நிறுத்திவிட்டு அபிப்பிராயம் எழுதினார். முழுவதும் வாசிக்கும்படி பணிக்க வேண்டும்."

4. நூற்றியிருபத்தோராம் பக்கம்

வீட்டில் இருந்து இரண்டு நாளில் வாசித்தேன். தகப்பன் திரும்பி வருகிறான். எங்கே போனாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. மனைவி நேற்று வைத்ததுபோலச் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துச் சோறு போடுகிறாள். அவன் சாப்பிடும்போது, அவன் இல்லாத நாட்களில் வளர்ந்துவிட்ட மகள் வெளியே போய் நிற்கிறாள். அவ்வளவுதான். போடிங் காதல் ஏழையும் தூக்கி எறிந்துவிட்டு அந்த ஒரு பக்கத்தை வைத்திருக்கலாம். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் இன்னும் முழுக்கப் போகவில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன்.

"மிசி, நூற்றியிருபத்தொண்டு போலை நான் ஒண்டும் வாசிக்கேல்லை. ஆனால் அதுக்குப் பிறகு வாற கலியாணவீடு தேவையில்லை."

எனக்குப் பைத்தியம் என்று நினைத்தோ என்னவோ, பக்கத்தில் நின்றவர் பயந்துபோய் விலகினார். மிசி என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"கலியாணவீட்டையும் வாசிச்சுப்போட்டே சொல்லுறீர்?"

"மாப்பிள்ளையின்ரை தலைப்பா அவிழ்ந்து விழுறது வரைக்கும்."

"அப்ப சரி."

மறுநாள் பார்சல் மறுபடி தராசுக்கு வந்தது. இந்த முறை துணியில் தைத்து, தையலுக்குத் தையல் அரக்கு வைத்திருந்தார். எண்ணிப் பார்த்தேன், பதினொரு இடத்தில்.

"என்னிலை நம்பிக்கை இல்லையோ மிசி?"

"நம்பிக்கை இருக்கு. பழக்கம் எண்டும் ஒண்டு இருக்குத்தானே தம்பி."

5. இன்ஸ்பெக்ரர்

கந்தோரைப் பார்வையிட வந்த இன்ஸ்பெக்ரர் முறைப்பாட்டுப் புத்தகத்தை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் தரம் வாசித்தார்.

"ஐசே, தபாலை வாசிச்சுப்போட்டான் எண்டு சனம் முறைப்பாடு எழுதும். முழுக்க வாசிக்கேல்லை எண்டு எழுதினதை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

எழுத்தில் விளக்கம் கேட்டார். ஒன்றையும் ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு விமர்சகர் வீட்டுக்குப் போனார். வேலை போய்விட்டது என்று நான் மேசை லாச்சியை இழுத்து என் சாமான்களை எடுக்கத் தொடங்கிவிட்டேன். ஒரு மணித்தியாலத்தில் இன்ஸ்பெக்ரர் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"புத்தகம் எல்லாத்தையும் எடுத்துக் காட்டினார். ஓரத்திலை கிடக்கிற எழுத்து முழுக்கத் தன்ரை எண்டு சத்தியம் பண்ணுறார். தன்ரை எழுத்தை ஒரு கிளாக்கர் சொந்தம் கொண்டாடுறது அவமானம் எண்டு என்னோடை பாய்ஞ்சு விழுறார். நான் என்ன செய்ய?"

கள்ளன் தன் மரியாதையைக் காப்பாற்றப் போய் என் வேலையைக் காப்பாற்றிவிட்டான். ஆனாலும் இன்ஸ்பெக்ரர் லேசுப்பட்டவர் அல்ல. அடுத்த மாதமே எனக்குத் தீவுப் பகுதிக்கு மாற்றம் வந்தது. மெயில் பை வள்ளத்தில் வரும் இடம். புத்தகம் வாங்குகிற ஒருவரும் அங்கே இல்லை என்று விசாரித்துவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறார்.

விமர்சகரின் பக்கமும் இரண்டு மாதத்தில் நின்றது. கண் பார்வை மோசம் என்று காரணம் எழுதியிருந்தார்.

தீவில் ஒன்றரை வருடம் கருவாட்டு மணத்தோடு போனது. ஒரு நாள் பையைக் கொட்டியபோது புக் போஸ்ட் ஒன்று விழுந்தது. என் பெயர் எழுதி எனக்கு வந்த முதல் புக் போஸ்ட். மிசியின் இரண்டாவது நாவல். பென்சிலைப் பூட்டி வைத்துவிட்டு முதலாம் பக்கத்தில் இருந்து வாசித்தேன். நடுவில் கொஞ்சம் அலுப்படித்தது, விடவில்லை. நாலாம் நாள் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். கதை முடிந்த இடத்துக்குக் கீழே பென்சிலால் எழுதியிருந்தது.

"இங்கை வரைக்கும் வந்தீரோ தம்பி?"

தபாலில் இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். புக் போஸ்டைப் பார்ப்பதென்றால் கடைசிப் பக்கம் வரைக்கும் பாருங்கள். புத்தகத்துக்குள் கடிதம் ஒளித்து அனுப்புகிறார்களா என்று வேலைக்காலம் முழுக்கத் தேடினேன். அகப்பட்டது அந்த ஒன்றுதான். விதிப்படி அதைப் பிடித்துத் தண்டம் அறவிட்டிருக்க வேண்டும். நான் கீழே "ஓம்" என்று எழுதி, இரண்டு பக்கமும் திறந்தபடி கட்டி, அடுத்த வள்ளத்தில் திருப்பி அனுப்பினேன்.