குருவித் தீனில் முளைத்தது

என் கலியாணத்துக்கு முளைப்பாலிகை போட்டது குருவித் தீனில் என்று சொன்னால் இன்றைக்கும் சனம் சிரிக்கும். சிரிக்கட்டும். எண்பதுகளின் நடுவில் ரொறன்ரோவில் வேறு என்ன இருந்தது? கடையில் விற்ற அரிசி தீட்டியது, பருப்பு உடைத்தது; இரண்டும் முளைக்காது. தாலிக்குப் பொன் உருக்குகிற பொன்னுருக்கு நாளில் சுமங்கலிப் பெண்கள் சட்டிகளில் நவதானியம் தூவிப் பாலும் தண்ணீரும் தெளிக்க வேண்டும். கலியாணத்தன்று அது பச்சைப்பசேலென்று நிற்க வேண்டும். நின்றால் குடும்பம் தழைக்கும், வாடினால் கூடாது என்பார்கள். நான் மாமா வீட்டில் தங்கியிருந்தேன். அம்மாவின் தம்பி அவர். மாமி கடை கடையாக ஏறி இறங்கிவிட்டுக் கடைசியில் ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வந்தா.

"பார் பிள்ளை, ஒன்பது என்ன, பத்துப் பன்னிரண்டு தானியம் ஒரே பைக்குள்ளை கிடக்கு."

பையில் மஞ்சள் குருவி ஒன்றின் படம் இருந்தது.

"மாமி, உது குருவிக்குப் போடுற தீன்."

"குருவி தின்னுறது முளைக்காதோ? சும்மா இரும்."

அந்த நாட்களில் எனக்குச் சிரிப்பு வந்தது அந்த ஒரு தரம்தான். எனக்கு இருந்தது ஒரே ஒரு தம்பி. நான் விசிட்டர் விசாவில் கனடாவுக்கு வந்து இறங்கிய கொஞ்ச நாளிலேயே ஊரில் ஆமி எங்கள் பக்கத்தைச் சுற்றிவளைத்து அவனையும் ஏற்றிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. அவனுடைய சேதி தெரியாமல் தாலி கட்ட மாட்டேன் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். விசா முடிந்தால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு ஒருநாள் அம்மா கொழும்பில் ஒரு சொந்தக்காரர் வீட்டிலிருந்து ரெலிபோனில் கதைத்தா.

"தம்பி வருவான். நீ உன்ரை காரியத்தைப் பார், பிள்ளை."

தொட்டதற்கெல்லாம் அழுகிற அம்மா அன்றைக்கு அழவில்லை. இப்படிச் சொல்கிறா என்றால் எங்கேயோ நல்ல சேதி கேட்டிருக்கிறா என்று நான் நினைத்தேன். நல்லதாக நினைக்கத்தானே மனம் பழகியிருந்தது.

அம்மா கதைத்ததற்கு முதல்நாள் பின்னேரம் மாமி தலை முழுகியிருந்தா. அந்தக் குளிருக்குள் முதுகு முழுக்க ஈர மயிர். பின்னேரத்தில் ஏன் முழுகினீர்கள் என்று கேட்டேன். "தலை கடிச்சுது" என்றா. பொன்னுருக்கன்று, அந்தப் பையை வாங்கி வந்து குதித்த மனுசி, பாலிகைச் சட்டிக்குக் கிட்டவும் வரவில்லை. நாரி பிடித்துவிட்டதாம், குனிய ஏலாதாம். பக்கத்துக் கட்டடத்திலிருந்து வந்த பெண்கள் தூவினார்கள். மாமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு நின்றா. எனக்கு அது அப்போது கண்ணில் பட்டது, மனதில் படவில்லை.

குருவித் தீன் நன்றாகவே முளைத்தது. எல்லாம் புல்லுப்போல நெருக்கமாக எழும்ப, ஒன்று மட்டும் தனியே, ஓரம் வெட்டு வெட்டாக இருந்த இரண்டு குட்டி இலைகளோடு நின்றது. கலியாணம் முடிந்ததும் பாலிகையை ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். மோர்னிங்சைட் பக்கத்து ஆற்றில் விடக் கொண்டுபோனார்கள். போக முதல் நான் அந்த ஒன்றைக் கிள்ளாமல் மண்ணோடு எடுத்து ஒரு யோகட் டப்பாவில் வைத்துவிட்டேன். வைக்கும்போது மனதுக்குள் நேர்த்திக்கடன் போல ஒன்று நினைத்துக்கொண்டேன். இது வாடாமல் நின்றால் என் தம்பி உயிரோடு இருக்கிறான். வாயால் ஒருவருக்கும் சொல்லவில்லை.

புது வீடு என்று நாங்கள் போனது அதே பக்கத்தில் ஏழாம் மாடியில் ஒரு அறை, ஒரு குசினி. என் கணவர் சரியான பயந்த மனிதர். அவருடைய அகதிக் கேஸில்தான் என் பெயரையும் சேர்த்திருந்தது; அது முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. வெறும் ரோட்டைக்கூடப் பச்சை லைற் வராமல் கடக்க மாட்டார். "பொலிஸ் பிடிச்சால் கேசுக்குக் கூடாது" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

செடி வளர்த்துப் பழக்கம் இல்லாதவள் நான். பாலிகைக்குத் தெளித்தது போலவே பாலும் தண்ணீரும் விட்டேன். மண் புளித்து நாறியது. தண்டு அடியில் கறுத்து, செடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மண்ணை முழுதும் மாற்றி, தண்டுக்கு ஒரு குச்சி கட்டி, கும்பிட்டுக்கொண்டு இருந்தேன். பிழைத்தது. அதற்குப் பிறகுதான் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்க்கப் பழகினேன். காய்ந்தால் மட்டும் தண்ணீர். அதற்கென்று ஒரு நீலக் கோப்பை வைத்திருந்தேன். குழாய்த் தண்ணீரின் குளிர் போகும்வரை அதில் வைத்திருந்துதான் ஊற்றுவேன். யன்னல் கண்ணாடிப் பக்கம் பனி, கீழே ஹீற்றர் சூடு. இரண்டுக்கும் நடுவில் கடதாசி மட்டை வைத்தேன். வெளிச்சத்துக்கு வளையும் என்று டப்பாவைத் திருப்பித் திருப்பி வைப்பேன். பிள்ளை வளர்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

வளர வளர இலைகள் ஐந்து விரலாக விரிந்தன. பின்னேர வெயில் விழுந்தால் சுவரில் கை தெரியும். தம்பிக்கு விரல் சொடுக்குகிற பழக்கம். பத்து விரலையும் சொடுக்காமல் ஓரிடத்தில் இருக்க மாட்டான், அம்மா அதற்கு எத்தனை தரம் ஏசியிருக்கிறா. அந்த வீட்டு ஹீற்றர் குழாய் சூடேறும்போது அதே சத்தம் வரும். டக், டக் என்று. கணவர் வேலைக்குப் போனபின் நான் தனியே இருப்பேன். குழாய் சொடுக்கும், சுவரில் கை அசையும். எனக்குப் பயம் வரவில்லை. "சாப்பிட்டியே?" என்று கேட்பேன். கேட்டுவிட்டு மறுமொழிக்குக் காத்தும் இருந்திருக்கிறேன். பைத்தியம் என்று நீங்கள் சொன்னாலும் எனக்குக் கோபம் வராது.

மாசி மாதத்தில் ஒருநாள் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பெடியன் ஜாக்கெற்றைத் திறந்துவிட்டபடி இருந்தான். உள்ளே போட்டிருந்த ரீசேட்டில் என் செடியின் இலை. அதே ஐந்து விரல், அதே வெட்டு. எனக்குப் பெருமையாக இருந்தது. இது இந்த நாட்டில் ஏதோ நல்ல செடிபோல என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கணவரிடம் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, எங்கடை செடியைச் சேட்டிலை அடிச்சுப் போட்டிருக்கிறாங்கள்."

அவர் சோற்றுக் கையோடு எழும்பி யன்னலடிக்குப் போனார். குனிந்து பார்த்தார். அவர் கோப்பை கழுவுகிற ரெஸ்ரோரண்டின் பின்கதவடியில் நின்று சமையல்காரர்கள் ஊதுவார்களாம். அந்த மணம் அவருக்குத் தெரியும்.

"இது கஞ்சாவப்பா" என்றார்.

இனிப் பிடுங்கி எறியப்போகிறார் என்று டப்பாவை மறைத்துக்கொண்டு நின்றேன். ரோட்டைக் கடக்கப் பயப்படுகிற மனிதன். அவர் என்னைப் பார்த்தார், செடியைப் பார்த்தார். பிறகு போய் யன்னல் சீலையை இழுத்து மூடினார்.

"வெளியாலை தெரியாமல் வையும்."

அவ்வளவுதான். நானும் வேலைக்குச் சேர்ந்து பின்னேர ஷிப்ற் போன நாட்களில் அவரே விரல் விட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினார். என்மேல் இவ்வளவு பாசமா என்று நினைத்தேன். கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

பனி கரைந்த நாட்களில் கட்டடத்தைப் பராமரிக்கிற சுப்பர் கதவுக்குக் கீழே ஒரு துண்டைத் தள்ளிவிட்டுப் போனார். கரப்பானுக்கு மருந்தடிக்க வீடு வீடாக வருகிறார்களாம், எல்லாவற்றையும் சுவரிலிருந்து நகர்த்தி வைக்கட்டாம். கணவரின் கேஸ் விசாரணைக்கும் அந்தக் கிழமைதான் கூப்பிட்டிருந்தார்கள். வாளிக்கு மாற்றிய செடி என் இடுப்புக்கு மேல் வளர்ந்திருந்தது, ஒளிக்க இடமில்லை.

"இஞ்சரும், இனி வைச்சிருக்கேலாது" என்றார்.

"நான் பிடுங்க மாட்டன்."

"எனக்கு விளங்குது. ஆனால்…"

"உங்களுக்கு ஒண்டும் விளங்காது. இதைப் பிடுங்கினால் தம்பி செத்துப்போவான்."

மனதுக்குள் கிடந்தது முதல்முறையாக வாயால் வந்துவிட்டது. அவர் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

"தம்பி இல்லையப்பா" என்றார். "பொன்னுருக்குக்கு முதலே இல்லை."

ஹீற்றர் குழாய் சொடுக்கிய சத்தம் எனக்குக் கேட்டது. அவர் சொல்லிக்கொண்டே போனார். மாமாவுக்குக் கொழும்பிலிருந்து ரெலிபோன் வந்தது. சாவுத் துடக்கு, தீட்டு என்று வந்தால் கலியாணம் நிற்கும், விசா முடியும், ஒரு பிள்ளை போனது காணும், மற்றதாவது அங்கே இருக்கட்டும் என்று என் அம்மாதான் சொன்னாவாம். மணமகனை ஏமாற்றக் கூடாதென்று மாமா இவரிடம் மட்டும் சொல்லியிருந்தார். எனக்கு மாமியின் ஈரத் தலை ஞாபகம் வந்தது. பின்னால் கட்டிய கைகளும் வந்தன. தம்பியின் துடக்கோடு நல்ல காரியத்தைத் தொடாமல் நின்றிருக்கிறா. அழாத அம்மாவின் குரலும் வந்தது. எல்லாரும் அறிந்திருந்தார்கள். அவனுடைய சாவுக்கு மேலேதான் நான் பட்டுச்சேலை உடுத்து, பூ வைத்து இருந்திருக்கிறேன்.

"தெரிஞ்சுகொண்டே ஏன் என்னைத் தண்ணி ஊத்த விட்டனீங்கள்?" என்று கத்தினேன். கையில் அகப்பட்டதை எடுத்து அவர்மேல் எறிந்தேன். அது தலை துடைக்கிற துவாய் என்றபடியால் காயமில்லை.

"அதைப் பிடுங்கச் சொன்னால் நீர் தம்பியைப் பற்றிக் கேட்பீர் எண்டு பயந்தன்" என்றார். "பொலிசைவிட அதுக்குத்தான் பயம்."

அந்த மனிதனை அன்றைக்கு வெறுத்தேன். அவரை விட்டால் எனக்குச் சேர்ந்து அழுவதற்கு ஒருவரும் இல்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

செடியை நானேதான் பிடுங்கினேன். வேரில் குருவித் தீனின் கோது ஒன்று இன்னும் ஒட்டியிருந்தது. கறுப்புப் பையில் சுற்றி, இருவருமாக நடந்து, பாலிகை விட்ட அதே ஆற்றுக்குக் கொண்டுபோனோம். பனித்தண்ணீர் கலங்கி வேகமாக ஓடியது. பாலிகையோடு அன்றைக்கே போயிருக்க வேண்டியது. பையை அவிழ்த்துக் கையை விட்டேன், ஐந்து விரலும் ஒருமுறை மேலே வந்து போனது. ஆற்றுக்குப் போன வழியில் ஒரு ரோட்டை அவர் சிவப்பு லைற்றில் கடந்தார், தெரிந்துதான் கடந்தாரோ தெரியாது.

காலம் கடந்து கேட்ட சாவின் துடக்குக் கழிய ஒரு தலை முழுக்குப் போதும் என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். கேட்ட உடனே தலையில் தண்ணீர் விட வேண்டும். வீட்டுக்கு வந்து உடுத்த உடுப்போடு குளிக்கிற தொட்டிக்குள் இறங்கி இருந்தேன். மேலே பூக்குழாய் இருந்தது, அதைத் திறக்க எனக்குக் கை போகவில்லை. கணவர் கதவடியில் அதே துவாயோடு நின்றார்.

"அந்த நீலக் கோப்பையை எடுத்துத் தாங்கோ" என்றேன்.

எடுத்துத் தந்தார். வழக்கம்போல் அதில் தண்ணீர் நிறைத்து, குளிர் போகட்டும் என்று கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தேன். பிறகு தலையில் ஊற்றினேன்.