பார்க்கிங்கில் நிற்கும் கணவர்கள்

ஜெர்மனியில் நான் இருக்கும் சிற்றூரில், பக்கத்து வீட்டு ஹெல்கா அம்மாளுக்கு என்னைப் பற்றி எல்லாம் தெரியும். சத்தமே கூடாத ஞாயிற்றுக்கிழமையில் கண்ணாடி பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் போட்டுச் சத்தம் எழுப்பியவன், காகிதத்துக்கான தொட்டியில் தயிர் டப்பாவைப் போட்டவன், தாளிக்கும்போது சன்னலைத் திறந்து வைப்பவன். இவ்வளவையும் வாசல் மணியடித்துச் சொன்ன அந்த அம்மாள், எங்களுக்குக் குழந்தை உண்டா என்று மட்டும் இத்தனை வருடங்களில் கேட்டதில்லை. முதலில் இது எனக்கு மரியாதைக் குறைவாகவே பட்டது. கோயம்புத்தூர் விமான நிலையத்தில் டாக்ஸி ஏறினால், சின்னியம்பாளையம் தாண்டுவதற்குள் டிரைவர் கேட்டுவிடுவார்: “எத்தன கொழந்தைங்க சார்?” இல்லை என்று சொன்னால் சூலூர் வரும்வரை வைத்தியம் சொல்வார்.

எங்கள் கல்யாணமே தாமதம். ஜாதகக் கட்டங்கள் ஒருவழியாக ஒத்துவந்தபோது எனக்கு நாற்பது நெருங்கிவிட்டது, சுமதிக்கு முப்பத்தாறு. அதுவரை அவசரப்படாத சொந்தக்காரர்கள், தாலி ஏறிய மறுமாதத்திலிருந்து “விசேஷமுங்களா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். சரி, டாக்டரைப் பார்க்கலாமா என்றால், ரெண்டு வருசம் போகட்டும், அதுக்குள்ள என்ன அவசரம் என்றன அதே வாய்கள். ரெண்டு வருசம் போனது. லீவில் வந்தபோது அம்மாவும் சுமதியும் ஆனைமலையில் மாசாணியம்மனைக் கும்பிட்டுவிட்டு, மறுநாள் அவிநாசி ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்குள் போனார்கள். நான் பார்க்கிங்கில் நின்றேன். என்னைப் போல அங்கே ஒரு கூட்டமே நின்றது. வேறு யாருடைய மனைவியையோ இறக்கிவிட வந்தவர்கள் போல ஒவ்வொரு முகத்திலும் ஒரு பொதுநலம்.

நான் பம்பு இன்ஜினியர். தண்ணீர் ஏறவில்லை என்றால் எங்கள் பக்கத்து விவசாயி முதலில் பம்பைத்தான் கழற்றிப் பார்ப்பார். எடுத்த எடுப்பில் கிணற்றைத் திட்ட மாட்டார். தோட்டத்தில் இருக்கும் இந்த அறிவு வீட்டு வாசற்படியோடு நின்றுவிடுகிறது. இந்த உவமையைச் சுமதியிடம் சொன்னபோது, “என்னையக் கெணறுன்னு சொல்ற வேலையெல்லாம் வேண்டாங்க” என்றாள். உடனே வாபஸ் வாங்கிக்கொண்டேன். எழுதும்போது விட மனம் வரவில்லை.

லீவு முடிந்து திரும்பியதும் நாங்கள் பார்த்த ஜெர்மன் டாக்டர், எவ்வளவு காலமாக முயல்கிறீர்கள் என்று கேட்டார். கல்யாணமானதிலிருந்து எங்கள் மாவட்டமே முயல்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. மாவட்டம் வேண்டாம், நீங்கள் இருவர் மட்டும் சொல்லுங்கள் என்றார். சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பெண்ணுக்கு முப்பத்தைந்துக்குள் என்றால் ஒரு வருடம் முயன்று பார்க்கலாம், முப்பத்தைந்தைத் தாண்டினால் ஆறு மாதம், நாற்பது என்றால் காத்திருக்கவே வேண்டாம், மாதவிலக்கு ஒழுங்காக இல்லாவிட்டாலும் இருவரில் யாருக்காவது முன்பே கோளாறு தெரிந்திருந்தாலும் எந்த வயதிலும் முன்னதாகவே வந்துவிட வேண்டும் என்றார். பிறகு சோதனைக்கு என் பெயரையும் எழுதினார். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் குழந்தை இருக்கிறது என்று விளக்கினேன். குடும்பத்தைச் சோதிக்க இங்கே வசதியில்லை என்றார். அப்போதும் அவர் சிரிக்கவில்லை.

குறை என் பக்கம் இருந்தது. சிகிச்சை எடுத்தோம், கைகூடவில்லை. காலம் கடந்ததும் ஒரு காரணம் என்றார்கள். இப்போது எங்களுக்குக் குழந்தை இல்லை, வாழ்க்கை இருக்கிறது; யாரும் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டியதில்லை. என் கோபமெல்லாம் ‘என்ன அவசரம்’ என்று எங்கள் வருடங்களைத் தாராளமாகச் செலவழித்தவர்கள்மேல்தான். அதனால் ஊருக்குப் போய் வீடுவீடாகச் சொன்னேன்: கோளாறு எனக்கு.

ஒருவர்கூட நம்பவில்லை. மனைவிமேல் பழி விழக் கூடாது என்று தன்மேல் போட்டுக்கொள்கிறானே, எப்பேர்ப்பட்ட குணம் என்று புகழ்ந்தார்கள். சொல்லச் சொல்ல நான் மகானானேன். சுமதி மேலும் குற்றவாளியானாள். “உங்களுக்குப் பேரு, எனக்குப் பேச்சு. நல்லாத்தான் பங்கு பிரிக்கறாங்க” என்றாள்.

இந்த லீவில் அக்கா வீட்டில் அதே நாடகம், புது நடிகர்களோடு. அக்கா மகன் கார்த்திக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். அவன் மனைவி நந்தினிக்கு முப்பத்தேழு. டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அவள் சுமதியிடம் சொல்லியிருக்கிறாள். சாப்பிடும்போது பேச்சு வந்தது. ரெண்டு வருசம் போகட்டும் என்றாள் அக்கா. நான் என் பழைய கதையை எடுத்தேன்.

“நீ பெரிய மனசுக்காரன் கண்ணு” என்று எனக்கு ரசம் ஊற்றிய அக்கா, சுமதியைப் பார்க்காமல் சுமதிக்குச் சொன்னாள்: “தனக்கில்லாதவீங்க பேச்சக் கேட்டுக்கிட்டு ஆசுபத்திரிக்கு ஓடுனா ஆச்சா?”

சுமதி இலையை மடித்தாள். நான் வாய் திறப்பதற்குள் நந்தினி சொன்னாள்: “வயசு எனக்குத்தானுங்க அத்த ஏறுது. உங்க பொறுமைக்கு ஏறறதில்லீங்க. நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் போறமுங்க.”

கார்த்தி அப்பளத்தை மிகுந்த கவனத்தோடு உடைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் நான்தான் காரை ஓட்டினேன். சுமதி வரவில்லை, மகானோடு ஒரே காரில் போக முடியாது என்றாள். ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் நந்தினி இறங்கி நடந்தாள். கார்த்தி இறங்கி, கதவைச் சாத்தி, சாய்ந்துகொண்டான்.

“நான் வண்டிகிட்ட நிக்கறனுங்க மாமா.”

“வண்டிக்கு ஒண்ணுமில்ல மாப்ள, சர்வீஸ் பண்ணியாச்சு. நீ உள்ள போ.”

போனான். வரவேற்பில் பேஷண்ட் யாருங்க என்று கேட்டதும் அவன் மனைவியைக் காட்டியதாகவும், அவள் “ரெண்டு பேருமுங்க” என்றதாகவும் பிறகு கேள்விப்பட்டேன்.

அவர்கள் வரும்வரை எதிரே டீக்கடையில் நின்றேன். அங்கும் ஒரு கணவர், திருப்பூர் பக்கமாம். நான் என் டீயில் வாய் வைக்குமுன் கேட்டார்: “உங்களுக்கு எத்தன கொழந்தைங்க?”

“இல்லீங்க. கோளாறு எனக்குத்தானுங்க.”

பெரிய மனசு உங்களுக்கு என்று சொல்வார் எனத் தயாராக இருந்தேன். அவர் சொல்லவில்லை. எதிரே ஆஸ்பத்திரிக் கட்டடத்தையே பார்த்தார். “என்னையுந்தானுங்க வரச் சொல்றாங்க. மூணு தடவ அவ மட்டும் போயிட்டு வந்துட்டா” என்றவர், குரலைத் தாழ்த்தினார். “ஊசி ஏதாச்சும் போடுவாங்களா?”

“இதுக்கு ஊசியெல்லாம் இல்லீங்க. நம்ம கௌரவத்துக்குத்தான் கொஞ்சம் வலிக்கும்.”

சிரித்தார். பாதி குடித்த கிளாசை என் கையில் கொடுத்து, “இதக் கொஞ்சம் புடிங்க, வந்தர்றேன்” என்று சாலையைக் கடந்து, பார்க்கிங்கில் நின்ற கூட்டத்தின் நடுவே புகுந்து உள்ளே போனார்.

இந்த ஊரில் என்னை நம்பிய முதல் ஆள். ஜெர்மனியில் யாரும் கேட்பதில்லை. இங்கே கேட்டுவிட்டுப் பதிலை நம்புவதில்லை. கையில் இரண்டு கிளாஸ், இரண்டிலும் பாதி டீ. சாலையில் ஒரு லாரி அடித்த ஹாரனில் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தபோது எது என்னுடையது என்று தெரியவில்லை. இரண்டையும் ஏந்திக்கொண்டு அங்கேயே நின்றேன்.