குண்டாற்றில் நாயோடு ஒன்றரை நாள்

படகை நானே செய்தேன். அருப்புக்கோட்டையில் பைபர் பட்டறை வைத்திருக்கிறேன். பாத்ரூம் கதவும் தண்ணீர்த் தொட்டியும்தான் தொழில். மிஞ்சிய பைபர் துணியையும் ரெசின் பசையையும் சேர்த்து, போனில் பார்த்துப் பார்த்து, இரண்டு வருடத்தில் பதினான்கடி நீளத்துக்கு, கேனோ என்கிற ஒடுக்கமான துடுப்புப் படகைச் செய்து முடித்தேன். பட்டறைக்கு வந்தவன் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்டான். "எந்தக் கடல்லண்ணே ஓட்டப் போறீக?"

திருச்சுழியில் குண்டாறு ஓடினால்தான் ஓட்ட முடியும். அது எங்களுக்கு ஆறு இல்லை, மணல். பாலத்தில் போகிறவர்கள் கீழே பார்ப்பதுகூடக் கிடையாது. மூன்று வருடம் காத்திருந்தேன். அந்தக் கார்த்திகையில்தான் கரையைத் தொட்டுத் தண்ணீர் வந்தது. திருச்சுழியில் இறங்கி, கமுதியைத் தாண்டிக் கடல் வரைக்கும் போக ஐந்து நாள் ஆகும் என்பது என் கணக்கு.

துணைக்கு நாய். பட்டறை வாசலில் வந்து படுத்த கறுப்புத் தெருநாய்தான். யாரையும் நம்பாது. பிஸ்கட் போட்டால் சுற்றி வந்து மோந்து பார்த்து, போட்டவன் அந்தப்பக்கம் போன பிறகுதான் தின்னும். அந்தக் குணத்துக்காகவே அதை வைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரி கேட்டாள்.

"என்னை ஒரு நாளு மருதைக்குக் கூட்டிட்டுப் போனதில்ல. நாயைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறீகளாக்கும்."

"நீ வந்தா வழியெல்லாம் பேசுவ."

"நாய் பேசாதுன்னு நெனப்பு."

அவள் சொன்னது பிறகு வேறு விதமாகப் பலித்தது.

ஒரு விஷயம் முதலிலேயே சொல்ல வேண்டும். குண்டாற்றில் தண்ணீர் ஓடினாலும் அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. மணல் அள்ளிய குழி சில இடத்தில் ஆள் உயரம், சில இடத்தில் இரண்டு ஆள் உயரம். அதனால் ஒரு நீள மூங்கில் கழியில் அடிக்கு ஒரு சிவப்புக்கோடு போட்டு வைத்திருந்தேன். ஊன்றிப் பார்த்தால் ஆழம் தெரியும். அந்தக் கழிதான் என் பேரைக் கெடுத்தது. திருச்சுழிப் பாலத்தில் இறக்கும்போதே மேலே இருபது பேர்.

"மணல் அளக்க வந்தவுகளா?"

"இல்ல."

"அப்ப எதுக்குக் கோலு?"

"ஆழம் பாக்க."

"அதைத்தானப்பா அளக்கிறதுங்கிறது."

எவனிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. தள்ளிக்கொண்டு போய்விட்டேன். அன்று முழுக்க, ஆடு மேய்க்கிறவர், துணி துவைக்கிறவர், யார் பார்த்தாலும் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். சிரித்துக்கொண்டு பிடித்தால் பரவாயில்லை. ஒருவன்கூடச் சிரிக்கவில்லை. நானும் அவர்களை நம்பவில்லை. ஒரு ஊரில் ஒருவர் நின்று, "சாப்பிட்டுப் போங்க" என்றார். எதற்குக் கூப்பிடுகிறார் என்று யோசித்து, நிறுத்தாமல் போனேன்.

இரண்டாம் நாள் காலை பத்து மணி இருக்கும். ஆற்றுக்குக் குறுக்கே மணல் மூட்டைகள். ஏதோ ஒரு ஊர், தன் கம்மாய்க்குத் தண்ணீர் கொண்டுபோகிற வரத்துக்காலில் ஆற்றைத் திருப்புவதற்காக அடுக்கி வைத்தது. எனக்கு அது தெரியும். இந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் தெரியும். படகைத் தூக்கிக் கரையைச் சுற்றிப் போயிருக்க வேண்டும். இரண்டு கரையிலும் சீமைக்கருவேல முள், முழங்கால் வரை சேறு. நாயை ஒரு கருவேல வேரில் கட்டி, பாதி பன்னைப் போட்டுவிட்டு, தண்ணீரில் இறங்கி ஆறு மூட்டையை எடுத்தேன். படகை அந்தச் சந்தில் இழுத்தேன். திரும்ப அடுக்கும்போது இரண்டு மூட்டை கிழிந்து மணல் போய்விட்டது. நாலைத்தான் வைத்தேன். இடைவெளியில் தண்ணீர் சடசடவென்று ஓடியது. பார்த்தேன். 'எவனாவது வந்து பார்த்துக்கொள்வான்' என்று நினைத்துக்கொண்டு நாயை அவிழ்த்துப் படகில் ஏற்றினேன். அதுவரை அது கட்டிய இடத்தில் ஒரு குழி தோண்டிப் படுத்திருந்தது.

மதியம், இரண்டு மைல் கீழே, நாய் இறங்க வேண்டுமென்று முனகியதால் கரையில் ஒதுங்கினேன். அந்த வரத்துக்கால் அங்கே ஆற்றை ஒட்டியே போகிறது. கரையில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பைக்கை நிறுத்திவிட்டு அவள் மருமகன். கம்மாய்க்குத் தண்ணீர் வரும் நாளில் வீட்டுக்கு ஒருவர் இப்படி முறை வைத்து வரத்துக்காலைக் காவல் காப்பார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை, கழியைத்தான் பார்த்தாள்.

"எந்த ஊரு?"

"அருப்புக்கோட்டை."

"அருப்புக்கோட்டைக்காரனுக்கு ஆத்துல என்ன சோலி?"

"சும்மா போறேன். கடலுக்கு."

அவள் மருமகனைப் பார்த்தாள். "கடலுக்குப் போறாராம். பஸ்ஸு இல்லையாம்."

"மேல ஊர்க்காரன் அனுப்புன ஆளு, அத்தை," என்றான் அவன். "நம்ம வரத்துக்கால்ல எவ்வளவு ஓடுதுன்னு அளக்கத்தான் கோலு. நேத்துப் படகுல ஒருத்தன் அளந்துக்கிட்டு வாரான்னு போன்ல படமே வந்துச்சு."

மூட்டை போட்டால் தண்ணீர் எதிரேறித் தங்கள் வயலில் நிற்கிறது என்று ஆற்றின் மேல்பக்கத்து ஊருக்கும் இவர்களுக்கும் வருடாவருடம் தகராறு என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். எனக்குக் கோபம் வந்தது. என் ஆதார் அட்டையைக் காட்டினேன். பட்டறை போர்டு முன்னால் நான் நிற்கிற படத்தைக் காட்டினேன். சத்தம் போட்டேன். மருமகன் படகின் மூக்கைப் பிடித்துக் கரையில் இழுத்தான். இன்னும் சத்தம் போட்டேன். பிறகு அவன் நாயின் கயிற்றைப் பிடித்தான். நான் வாயை மூடிக்கொண்டேன். முரட்டு ஆள், இழுத்து நாயின் கழுத்தை இறுக்கிவிடுவானோ என்று பயம். அந்தப் பெண் அதைக் கவனித்துவிட்டாள்.

"படகைப் பிடிச்சா கத்துறாரு. நாயைப் பிடிச்சா வாய் கட்டிப்போகுது. நாயைக் கட்டுங்க மருமகனே. தண்ணி கம்மாய்க்குள்ள வந்து விழட்டும், அவுத்துவிடுவோம்."

"அது எப்ப விழும்?"

"வழக்கமா விடிஞ்சா விழும். யாரும் கையை வைக்காம இருந்தா."

நாயை மடைக்கல்லில் கட்டினார்கள். நானும் எதிரே உட்கார்ந்தேன். படகை விட்டுவிட்டுக்கூடப் போயிருப்பேன், நாயை விட்டுப் போக முடியாது. முயல் வேட்டைக்காரன் எவனுக்காவது தள்ளிவிட்டுவிடுவார்கள் என்று ஒரு சந்தேகம். சோற்றில் எதையாவது வைத்துவிடுவார்கள் என்று இன்னொரு சந்தேகம். அவள் தூக்குவாளியைத் திறந்து, கருவாட்டுக் குழம்பு ஊற்றிய சோற்றில் ஒரு உருண்டை வைத்தாள். என் நாய் மோந்து பார்க்கவில்லை, சுற்றி வரவில்லை. ஒரே வாயில் தின்றுவிட்டு அவளைப் பார்த்து வாலை ஆட்டியது. எனக்கு வயிறு எரிந்தது.

மருமகன் கால்வாயில் இறங்கிப் பார்த்தவன் முகம் மாறி ஏறி வந்தான். "அத்தை, காலையில பாத்ததுக்கு ஒரு சாண் எறங்கிருச்சு."

அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "இந்த வேகத்துல வந்தா கம்மாய் வாசல்ல மண்ணு குடிச்சிரும். உள்ள வராது."

"மேல ஊர்க்காரன்தான். மூட்டையில கையை வச்சுட்டான். ஆளுகளுக்குப் போன் போடுறேன். இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்."

நான் எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவன் என்று ஊருக்குள் பேர். கடன் கேட்டு வந்தவனிடமும் தாலி கட்டியவளிடமும் அப்படித்தான். அந்த நேரத்தில் என் வாய் வரவில்லை. இவர்கள் கம்போடு மேல ஊருக்குப் போவார்கள், அவர்களும் கம்பை எடுப்பார்கள், யாராவது ஒருவன் தலை உடையும். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் சொன்னால் இவன் என்னை அங்கேயே அடிப்பான், நாயைத் திருப்பித் தரமாட்டான் என்பதும் தெரிந்தது. இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது. அதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது, எழுதுகிறேன்.

"போன் அப்புறம்," என்றாள் அந்தப் பெண். "முதல்ல போயி கண்ணால பாப்போம். இவரும் வரட்டும். நாயும் வரட்டும்."

வரத்துக்கால் கரையோடு நடந்தோம், மருமகன் பைக்கை உருட்டிக்கொண்டு வந்தான். நாயின் கயிறு அவள் கையில். மூட்டை தெரிகிற தூரத்துக்கு வந்ததும் நாய் இழுக்க ஆரம்பித்தது. அவள் பின்னால் ஓட வேண்டியதாயிற்று. நேரே அந்தக் கருவேல வேருக்குப் போய், காலையில் பன் கிடந்த இடத்தை மோந்து, தான் தோண்டிய குழியில் ஒருமுறை சுற்றிப் படுத்துக்கொண்டது. குழி அளவாக இருந்தது. பக்கத்தில் ஈர மண்ணில் என் செருப்புத் தடம். ஆற்றில் இரண்டு மூட்டை இடைவெளி.

அவள் குழியையும் என் செருப்பையும் பார்த்தாள்.

"உங்க நாய்க்கு எங்க மூட்டை நல்ல பழக்கம் போல."

"நான்தான் எடுத்தேன்," என்றேன். "மேல ஊர்க்காரன் இல்ல. படகு போகலைன்னு ஆறு எடுத்தேன், நாலு வச்சேன்."

மருமகன் என் சட்டையைப் பிடித்தான். ஒரு அறை விழுந்தது. நான் திருப்பி அடிக்கவில்லை. வாங்க வேண்டியது. இரண்டாவதற்குக் கை ஓங்கும்போது அவள் சொன்னாள்:

"அடிச்சா மூட்டை அடுக்கக் கை இருக்காது. விடுங்க."

பைக்கில் போய்க் காலிச் சாக்கு கொண்டுவந்தான். மணலை நான் அள்ளினேன், அவன் கட்டினான், நெஞ்சளவு தண்ணீரில் நின்று நான் அடுக்கினேன். நாலு மணி இருக்கும், வரத்துக்காலில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. படகில் கிடந்த என் துடுப்பையும் கோடு போட்ட கழியையும் போய் எடுத்து வைக்கும்படி அவள் மருமகனிடம் சொன்னாள். நாயின் கயிற்றை என்னிடம் நீட்டினாள்.

"பொழுது சாயிற வரைக்கும் இந்த மூட்டைக்கு நீங்கதான் காவல். நாயும் காவல். மாத்துறதுக்கு எங்க ஆளு வருவாக. துடுப்பு எங்கிட்டக் கெடக்கட்டும்."

"நம்பிக்கை இல்லையா?"

"நம்பிக்கையா? உங்க மேலயா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நான் கடலுக்குப் போகவில்லை. மறுநாள் தண்ணீர் கம்மாயில் விழுந்த பிறகு துடுப்பு கைக்கு வந்தது, குட்டியானை வண்டியில் படகை ஏற்றி வீட்டுக்கு வந்துவிட்டேன். வீட்டுக்காரி கேட்டதற்கு ஆறு வற்றிவிட்டது என்றேன். அவள் நம்பவில்லை.

காவலுக்கு விட்ட அன்று சாயங்காலம் நானும் நாயும் மட்டும் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒருவன் வந்தான். தோளில் தூண்டில், கையில் ஒரு சின்ன வாளி. மூட்டை ஓரமாக வந்து நின்றான். நாய் உறுமியது.

"எந்த ஊரு?" என்றேன்.

சொன்னான். மேல ஊர்தான்.

"அந்த ஊர்க்காரனுக்கு இங்க என்ன சோலி?"

"கெண்டை நிக்கும்ணே. சும்மா பாக்கலாம்னு."

"சும்மா யாரும் ஆத்துக்கு வர்றதில்ல. போ."

அவன் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனான். தூண்டில்காரன்தான், தெரியும். ஆனால் போகும்போது திரும்பி நின்று மூட்டைகளை எண்ணினான். நான் பார்த்தேன். இன்றைக்குக் கேட்டாலும் எண்ணினான் என்றுதான் சொல்வேன்.