ஆட்டுக்குட்டியும் என் பென்சில் கோடுகளும்

என் பேத்திக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு. பள்ளியில் தமிழ் மிஸ் என்னையும் மருமகளையும் கூப்பிட்டு, "பாடத்தை மனப்பாடமா ஒப்பிக்கிறா சார். புதுசா ஒரு வரி குடுத்தா வாயே தொறக்க மாட்டேங்கிறா" என்றார். வீட்டில் கதைப் புத்தகம் வாசிக்க வையுங்கள் என்றும் சொன்னார். இவள் தமிழே வாசிக்காமல் வளர்ந்துவிடுவாளோ என்ற கவலை அன்று என்னைப் பிடித்துக்கொண்டது.

தாம்பரத்தில் நான்காவது கடையில் புத்தகம் கிடைத்தது. அறுபத்து நான்கு பக்கம், பதினோரு அத்தியாயம், பதினான்கு படம். டிக்கெட் இல்லாமல் மின்சார ரயிலில் ஏறிவிட்ட ஓர் ஆட்டுக்குட்டியின் கதை. எழுதியவர் கெட்டிக்காரர். எந்த வாக்கியத்திலும் எட்டுச் சொல்லுக்கு மேல் இல்லை, எண்ணிப் பார்த்தேன். கடினமான சொல் ஒன்று வந்தால் அதே அத்தியாயத்தில் மூன்று முறையாவது திரும்ப வருகிறது. ஒவ்வொரு அத்தியாயமும் ஆட்டுக்குட்டி வசமாக மாட்டிக்கொண்ட இடத்தில் நின்றுவிடுகிறது.

எங்கள் வீட்டில் மாலை ஜெபத்தின்போது வேதாகமத்தில் நாளுக்கு ஓர் அதிகாரம் வாசிப்பது வழக்கம். நான் சிறுவனாக வாசித்தபோது, தடுமாறும் இடத்துக்கெல்லாம் அப்பா ஒரு கோடு போடுவார். ஆட்டுக்குட்டிக்கும் அதே முறையை வைத்தேன். ஜெபம் முடிந்ததும், முடிச்சூர் வீட்டுக் கூடத்தில், நாளுக்கு ஓர் அத்தியாயம். அவள் வாசிப்பாள். நான் பக்கத்தில் நோட்டும் பென்சிலுமாக உட்காருவேன்.

முதல் நாள் முப்பத்தொரு கோடு. இரண்டாம் நாள் முப்பத்து நான்கு. மூன்றாம் நாள் ஒன்பது. நான்காம் நாள் இரண்டு. ஐந்திலிருந்து எட்டாம் நாள் வரை ஒரு கோடுகூட இல்லை. காலையில் என்னோடு நடக்க வரும் மூன்று பேரிடமும் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன். முப்பது வருடம் அரசாங்கத்துக்குப் புள்ளிவிவரம் சேகரித்தவன் நான். முப்பத்து நான்கு ஒரே நாளில் ஒன்பதாகுமா என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒன்பதாம் நாள் காலையில் புத்தகத்தின் மேல் பால் சிந்திவிட்டது. துடைத்துக் காய வைத்தேன். மாலையில் அவள் பக்கத்தைப் புரட்டியபோது இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே திரும்பின. அவள் நிற்கவில்லை. ஆட்டுக்குட்டி பூக்கூடைக்குள் குதித்த பக்கம் திறந்திருந்தது. அவள் விரலும் பூக்கூடை வரியின் கீழேயே நகர்ந்தது. வாயோ, "டிக்கெட் பரிசோதகரின் ரசீதுப் புத்தகத்தை ஆட்டுக்குட்டி மென்றுவிட்டது" என்றது. அது ஒட்டிக்கொண்ட தாள்களுக்கு உள்ளே இருந்த வரி.

"எந்த வரிம்மா வாசிக்கிற?"

விரலைக் காட்டினாள்.

"அதுல என்ன எழுதியிருக்கு?"

அவள் புத்தகத்தைப் பார்க்கவில்லை. என் பென்சிலைப் பார்த்தாள்.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மருமகள் எழுந்து வந்தாள். "அவளைக் கேக்காதீங்க மாமா. நான்தான்."

மூன்றாம் நாளிலிருந்து, அன்றைய அத்தியாயத்தைக் காலையில் போனில் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில், விடுமுறை என்றால் மொட்டை மாடியில், அதை வாசித்து, வீட்டிலிருக்கும் பழைய போனுக்குக் குரல் செய்தியாக அனுப்பியிருக்கிறாள். பள்ளி விட்டு வந்ததும் பிள்ளை பால்கனியில் உட்கார்ந்து நான்கைந்து முறை கேட்டுவிடுமாம். பாட்டுக் கேட்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன்.

"ஏம்மா இப்படி?"

"நீங்க கோடு போடற சத்தம் கேட்டா அவளுக்கு வயிறு வலிக்குதாம். ரெண்டாம் நாள் சாப்பிட்டதும் வாந்தி எடுத்தாளே. வயிறு வலிக்கறத தாத்தாகிட்ட சொல்லாதம்மா, அதுக்கும் கோடு போடுவாருன்னா."

பென்சிலுக்குச் சத்தம் உண்டா? இத்தனை நாளில் நான் கேட்டதில்லை. நோட்டைத் திறந்தேன். இரண்டாம் நாளுக்குக் கீழே என் கையெழுத்தில் இருந்தது: கோடு முப்பத்து நான்கு. வாந்தி ஒன்று. காரணம் பஜ்ஜி.

அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. குழந்தையைப் பற்றித்தான் மிஸ் எச்சரித்தார் என்று எண்ணியிருந்தேன். ஒப்பிக்கிறாள் என்று அவர் சொன்னதையே என் வீட்டில், என் கண்ணெதிரே, நானே ஏழு நாள் செய்ய வைத்திருக்கிறேன்.

மறுநாள் நோட்டையும் பென்சிலையும் அவள் பார்க்கும்படி அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன். பத்தாவது அத்தியாயத்தை யாரும் படம் எடுக்கவில்லை. ஆட்டுக்குட்டி பெருங்களத்தூரில் இறங்கிவிட்டது. பேருந்துகளுக்கு நடுவே வழி தெரியாமல் நிற்கிறது. முதல் வரிக்கே அவள் நான்கு முறை நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் வழக்கம் விடுமா, கால்விரல்களை மடக்கி எண்ண ஆரம்பித்திருக்கிறேன்.

"தாத்தா, கால் ஏன் ஆடுது?"

"கொசு" என்றேன்.

நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்து என் பாதங்கள் இரண்டையும் மூடினாள். பிறகு, நின்ற சொல்லிலேயே விரலை வைத்து, எழுத்து எழுத்தாக மறுபடி ஆரம்பித்தாள். அத்தியாயம் முடிந்தது. இன்றைக்குப் போதும் என்று நான் சொல்வதற்குள், ஆடு என்ன ஆனதென்று பார்க்க அவளே அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டாள்.