அஞ்சு தடவை அமுக்கணும்

மெத்தைக் கம்பெனியின் மாடி அலுவலகத்தில் ஓரத்து மேஜை அக்கா என்று ஒருத்தி இருந்தாள். நாலு அக்காமார்களுக்குப் பிறகு பிறந்தவள் என்பதால், எதைச் சொல்ல வாயெடுத்தாலும் அதை வேறு யாராவது சொல்லி முடித்திருப்பார்கள். கல்யாணமாகிப் போன இடத்தில் புருஷன் அவளிடம் தவறாமல் கேட்ட ஒரே கேள்வி, துண்டு எங்கே என்பதுதான். அலுவலகத்திலும் ஒப்புக்குச் சப்பாணி. வந்த ஆர்டர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள், வீட்டுக்குப் போவாள். ஒருமுறை அவள் லீவு போட்டதே, மறுநாள் அவளாகச் சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

அப்படிப்பட்டவளுக்கு வாழ்வு வந்தது வைரஸ் புண்ணியத்தில்.

பரிசாகக் கார் விழுந்திருக்கிறது என்று வந்த மெயிலை முதலாளி ஆசை ஆசையாகத் திறந்தார். அலுவலகத்தின் அத்தனை கம்ப்யூட்டர்களும் மொத்தமாகப் படுத்துவிட்டன. ரிப்பேர்க்காரர் வந்து வைரஸை விரட்டினார். அதுவே போதும் என்று முதலாளி அவரை அனுப்பிவைத்தார். வைரஸ் போய்விட்டதே தவிர, அது அடித்துவிட்டுப் போன கூத்து போகவில்லை. மவுஸில் இடது பக்கம் அமுக்கினால் வலது பக்கம் வேலை செய்தது. கால்குலேட்டரைத் திறந்து வைத்தால்தான் ஆர்டர் பக்கம் திறந்தது. காலையில் யார் கம்ப்யூட்டரைப் போட்டாலும் அவர்களுக்குக் கார் விழுந்திருப்பதாக வாழ்த்து வந்தது. ஆர்டர் தாளை அச்சடிக்கும் பிரிண்டர் கீழே தையல் கூடத்தில் இருந்தது. அதற்கு ஒரு தாள் போக வேண்டுமென்றால் அஞ்சு தடவை அமுக்க வேண்டும். முதல் நாலும் உலகத்திலேயே இல்லாத ஏதோ பிரிண்டருக்குப் போய்ச் சேர்ந்தன.

இந்தச் சூட்சுமங்களை எல்லாம் முட்டி மோதிக் கண்டுபிடித்தவள் ஓரத்து மேஜை அக்காதான். மற்றவர்கள் கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருந்தபோது அவள் பொறுமையாக ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். விஷயம் பரவியது. நாள் முழுக்க அவள் மேஜையைச் சுற்றி யாராவது நின்றார்கள். எதற்கும் மசியாத கோளாறு என்றால், புரோகிராமை விட்டு ஒரு தடவை வெளியே போய்விட்டு மறுபடி வரச் சொல்வாள். ஒரே வாரத்தில் 'மேடம்' ஆகிவிட்டாள். முதலாளியே வந்து கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் புருஷன் துண்டைக் கேட்டபோது, நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று சொல்லும் அளவுக்குத் தைரியம் வந்துவிட்டது.

தினமும் கார் விழுந்தும் ஒன்றுகூட வந்து சேராத கடுப்பில், முதலாளி ஒருநாள் ரிப்பேர்க்காரரை மறுபடி கூப்பிட்டார். வந்தவர், என்னென்ன கோளாறு இருக்கிறது என்று சொல்லச் சொன்னார். அத்தனை விரல்களும் அக்காவைக் காட்டின. எல்லாம் சரியாகிவிட்டால் யார் இந்த மேஜைப் பக்கம் வரப்போகிறார்கள்? மவுஸைச் சொன்னாள், கால்குலேட்டரைச் சொன்னாள், காரையும் சொன்னாள். பிரிண்டர் விஷயத்தை மட்டும் அப்படியே முழுங்கிவிட்டாள்.

அதன் பிறகு மேஜைப் பக்கம் கூட்டம் குறைந்தது. ஆனால் கணக்கர் மட்டும் மறதிக்காரர். தாள் அனுப்பும்போதெல்லாம் வந்து நின்று எத்தனை தடவை என்று கேட்பார். அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அஞ்சு தடவை அமுக்கணும்" என்பாள். ஒரு நாளைக்கு நாலைந்து முறை அப்படிச் சொல்வதில்தான் அவள் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

கீழே தையல் கூடத்து மேஸ்திரிக்கு ஒரு கொள்கை உண்டு. ஒரு தாளுக்கு ஒரு மெத்தை. ஒரே ஆள் மூன்று மெத்தை கேட்டால் மூன்று தாள் வரும். தாள் வந்தால் மெத்தை தைப்பார். ஏன், எதற்கு என்று கேட்பதைத் தன் தொழிலுக்கே இழுக்கென்று நினைத்தார். இப்போது தாள்கள் கொட்டோ கொட்டென்று கொட்டின. மேஸ்திரி கூடுதலாக ஆள் வைத்தார். முதலாளி கூடுதலாகப் பஞ்சு வாங்கினார். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகிறது என்று எல்லோருக்கும் வாயெல்லாம் பல். கிடங்கு நிறைந்து, மெத்தைகள் மாடிப்படி ஏறி வந்தன. அலுவலகத்துக்குள் நுழைய முதலாளி தவழ்ந்து வர வேண்டியிருந்தது. அதையும் சந்தோஷமாகத்தான் செய்தார்.

குட்டை உடைத்தவர் லாரி டிரைவர். ஓர் ஒண்டிக்கட்டை மனிதரின் ஒற்றை அறைக்கு மெத்தை இறக்கப் போனவர், நாலைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்தார்.

"ஒண்ணுதான் கேட்டாராம். அஞ்சையும் உள்ள வெச்சா நான் எங்க நிக்கறதுன்னு சண்டைக்கு வர்றாரு" என்றார்.

புது வைரஸை ஏற்றிவிட்டதாக முதலாளி ரிப்பேர்க்காரரை வரவழைத்து உலுக்கினார். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், கீழே போய் பிரிண்டரைப் பார்த்தார், மெத்தைகளுக்கு நடுவே ஊர்ந்து மறுபடி மேலே வந்தார்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. பிரிண்டர்லயும் ஒரு கோளாறு இருந்துச்சு. யாரும் சொல்லல, போன தடவை வந்தப்பவே நானா பார்த்து சரி பண்ணிட்டேன். ஒரு தடவை அமுக்கினா போதும். அஞ்சு தடவை அமுக்கச் சொன்னது யாரு?"

கணக்கர் மெதுவாகக் கூரையைப் பார்த்தார். காட்டிக்கொடுக்க அவருக்கு மனசில்லை. அது அக்காவுக்குத் தாங்கவில்லை.

"நான்தான் சார். அது சரியானது எனக்கே தெரியாது. அதுவும் சரியாயிட்டா யாரும் என்கிட்ட வரமாட்டீங்கன்னு சொல்லாம விட்டுட்டேன்."

முதலாளி பக்கத்திலிருந்த மெத்தை அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்தார். கோபப்பட முயற்சி செய்தார். ஆனால் மெத்தை நல்ல மெத்தை. அதில் புதைந்துகொண்டு விறைப்பாக இருக்க முடியவில்லை.

"அதுக்கு இவ்வளவு மெத்தையாம்மா?" என்றார்.

மிச்சமான மெத்தைகளை எல்லாம் அவளே விற்றுத் தர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மறுநாள் காலை அக்கா தலையைக் குனிந்தபடி வந்து உட்கார்ந்தாள். இனி இந்த ஓரத்துக்கு ஈ காக்கை வராது என்று நினைத்துக்கொண்டாள். அழுகை முட்டியது. கொஞ்ச நேரத்தில் கணக்கர் மெத்தைகளைத் தாண்டி வந்து மேஜை முன்னால் நின்றார்.

"என்ன வேலை செய்யல?" என்றாள்.

"எல்லாம் வேலை செய்யுது மேடம். சும்மா பேசிட்டுப் போலாம்னு வந்தேன்."

கோளாறில்லாமல் வந்து நிற்கும் மனிதரை என்ன செய்வதென்று அக்காவுக்குத் தெரியவில்லை. கடைசியில் பழக்கதோஷத்தில், "ஒரு தடவை வெளிய போயிட்டு மறுபடி வாங்க" என்றாள்.

கணக்கர் வெளியே போய்விட்டு, மறுபடி வந்தார்.