மன்னிப்பு ஞாயிறும் நெவேனாவும்

பேட்டிக்கு ஆள் வந்ததும் நெவேனா தன் நாற்காலியைக் கதவருகிலிருந்து இழுத்து ஜன்னலோரம் போட்டுக்கொள்கிறாள். எழுந்து ஓட நினைப்பவர்களை வழிமறிக்கக் கூடாதாம். சிறுவயதில் அண்ணனிடமோ அக்காளிடமோ வதைபட்டு வளர்ந்தவர்களின் கதைகளை பல்கேரியாவின் ப்ளோவ்திவ் நகரிலுள்ள எங்கள் ஆய்வகத்துக்காகச் சேகரிப்பது அவள் வேலை. அவற்றைத் தட்டச்சு செய்து எண்ணிட்டு வைப்பது என் வேலை. இதுவரை நூற்றுப் பதினேழு.

அடித்தானா என்று அவள் கேட்பதே இல்லை. கேட்டால், பிள்ளைகள் என்றால் சண்டை போடாதா என்று எல்லோரும் மழுப்பிவிடுவார்கள். "ஒளிஞ்சுக்க எந்த எடம் வசதியா இருந்துச்சு?" என்பாள். பேருந்து ஓட்டுநர் ஒருவர் அதற்கு நாற்பத்தொரு நிமிடம் பதில் சொன்னார்: நிலவறையில், முட்டைக்கோஸ் ஊறும் பீப்பாய்க்குப் பின்னால். அந்த வாடை இன்னும் தன் சட்டையில் அடிப்பதாக அவர் சொல்ல, இருவரும் சிரித்தார்கள். அவள் பதிவுகளில் 'சிரிப்பு' என்று நான் அடிக்கடி தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது. இடையிடையே அவள் சூரியகாந்தி விதை கொறிக்கும் சத்தத்தை மட்டும் விட்டுவிடுகிறேன்.

ஈஸ்டர் நோன்புக்கு முந்தைய மன்னிப்பு ஞாயிறு நெருங்கினால் தொலைபேசி ஓயாது. அன்று இளையவர் மூத்தவரின் கையை முத்தமிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். அடித்தவர் மூத்தவர் என்றால், அடிபட்டவர்தான் கேட்க வேண்டும். போகலாமா என்பவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான்: "போறதும் போகாததும் உங்க இஷ்டம். திங்கக்கெழம எனக்கு ஒரு போன் போட்டுடுங்க."

தன் விஷயத்தில் இது பலித்ததில்லை. அண்ணன் கமென், அவள் தலையைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தவன். அம்மா மனம் நோகுமே என்று ஐம்பது வயதுவரை அந்தக் கையை வருடம் தவறாமல் முத்தமிட்டிருக்கிறாள். இந்த வருடம் முடியாது என்றாள். அம்மா வீட்டு விருந்தை விடவும் மனமில்லை.

"தனியாப் போனா குனிஞ்சிடுவேன், அதனாஸ் ஐயா. நீங்களும் வாங்க."

போனேன். மேசையில் பாலாடைக்கட்டியை மாவு அடுக்குகளில் வைத்துச் சுட்ட சூடான பனிட்சா. அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கமென் எழுந்து புறங்கையை நீட்டினான்.

"என்னடி குள்ளச்சி, இந்த வருஷம் என்னென்ன தப்பு பண்ணின?"

"நெறைய இருக்குண்ணே. உனக்குப் பண்ணினதுதான் ஒண்ணும் ஞாபகம் வரல."

கை நீட்டியபடியே இருந்தது. நெவேனா குனியவில்லை. அந்தக் கையைப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பி, உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து, இரண்டு முறை குலுக்கினாள்.